ஏற்பிக் கூட்டமைப்புகளுக்கு ஒரு பொது அறிவுத்தளம்: எந்த வடிவில் கட்டுவது?

ஐஎல்2ஆர்ஜி என்றொரு மரபணு இருக்கிறது. பெயரை விரித்தால் ‘இன்டர்லூக்கின்-2 ஏற்பியின் காமா சங்கிலி’. இன்டர்லூக்கின் என்பது நோயெதிர்ப்புச் செல்கள் ஒன்றுக்கொன்று அனுப்பும் செய்திப் புரதம்; ஏற்பி என்பது அதைப் பிடிக்கச் செல்லின் மேல் இருக்கும் புரதக் கூட்டு; அந்தக் கூட்டின் ஒவ்வொரு புரதமும் ஒரு சங்கிலி. 1992இல் ஜப்பானின் செண்டாய் நகரிலுள்ள தொஹோகு பல்கலைக்கழகக் குழு இதை அடையாளம் கண்டபோது அந்தப் பெயரில் குறை சொல்ல எதுவும் இல்லை. இன்டர்லூக்கின்-2 வந்து ஒட்டும் ஏற்பியில் ஆல்ஃபா, பீட்டா என்று இரண்டு சங்கிலிகள் ஏற்கெனவே தெரிந்திருந்தன, இது மூன்றாவது. அடுத்த ஆண்டே ஒரு பெரிய செய்தி வந்தது. எக்ஸ் குரோமோசோம் வழியாக வரும் கடுமையான நோயெதிர்ப்புக் குறைபாட்டுக்குக் காரணம் இந்த மரபணுவில் ஏற்படும் பழுதுதான். ஹூஸ்டனில் பிளாஸ்டிக் கூண்டுக்குள்ளேயே வளர்ந்து, 1984இல் 12 வயதில் இறந்த டேவிட் வெட்டர் என்ற சிறுவனுக்கு இருந்தது இந்த நோய்தான்.

ஆனால் ஒரு கணக்கு இடித்தது. இன்டர்லூக்கின்-2 அறவே இல்லாத எலிகளை அதற்குள் உருவாக்கிப் பார்த்திருந்தார்கள். அவற்றில் தொற்றை எதிர்க்கும் டி செல்கள் உருவாகத்தான் செய்தன. இந்த நோயுள்ள குழந்தைகளிடமோ டி செல்களும் இல்லை, தொற்றுற்ற செல்களைக் கொல்லும் என்கே செல்களும் இல்லை. ஒரு ஏற்பியின் ஒரு சங்கிலி போனதற்கு இவ்வளவு பெரிய இழப்பா? விடை அந்த 1993லேயே கிடைத்தது. இன்டர்லூக்கின்-4, இன்டர்லூக்கின்-7 ஆகியவற்றின் ஏற்பிகளிலும் அதே காமா சங்கிலிதான் உட்கார்ந்திருந்தது. பின்னாலேயே 9, 15, 21 ஆகியவையும் சேர்ந்தன. டி செல் வளர்வதற்கு 7 வேண்டும், என்கே செல்லுக்கு 15 வேண்டும். இரண்டும் ஒரே பழுதில் அடைபட்டுப் போகின்றன. இப்போது எல்லாரும் ‘பொதுக் காமா சங்கிலி’ என்கிறார்கள். மரபணுவின் அதிகாரப்பூர்வப் பெயர் மட்டும் இன்றைக்கும் ஐஎல்2ஆர்ஜிதான்.

செல் ஏற்பிகளின் புரதக் கூட்டமைப்புகளைப் பற்றித் தெரிந்ததையெல்லாம் ஒரே இடத்தில் தொகுக்கலாம் என்று யார் யோசனை கேட்டாலும் நான் முதலில் சொல்வது இந்தக் கதையைத்தான். ‘இந்தப் புரதம் இந்த ஏற்பியைச் சேர்ந்தது’ என்று 1992இல் ஒரு கட்டத்துக்குள் எழுதி வைத்திருந்தால், ஓராண்டில் அந்தக் கட்டம் போதாமல் போயிருக்கும். நாம் கட்டும் அறிவுத்தளம் அந்த மாதிரி ஒரு வருடத்தைத் தாங்குமா என்பதுதான் கேள்வி.

எந்த மென்பொருள் என்று கேட்பவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி நிலையில் இருக்கிறார்கள். மூன்று நான்கு ஆய்வகங்கள் சேர்ந்திருக்கும். முழுநேர நிரலாளர் இருக்க மாட்டார். முனைவர் பட்ட மாணவர் ஒருவர், கட்டுரைகளைப் படித்துப் பதிவு செய்யப் பகுதிநேரமாக ஒருவர், மூன்று வருட நிதி. அவர்கள் முன்னால் இருக்கும் வழிகள் ஐந்து: பகிர்ந்து எழுதும் எக்செல், விக்கி, ஒன்றோடொன்று இணைந்த அட்டவணைகளாலான எஸ்க்யூஎல் தரவுத்தளம், கிராஃப் தரவுத்தளம், தனியாக எதுவும் கட்டாமல் ஏற்கெனவே இருக்கும் பொதுத் தளங்களில் பதிவு செய்வது. ஒவ்வொன்றாகப் பார்ப்பதற்கு முன், சேமிக்கப்போகும் பொருள் எவ்வளவு முரண்டு பிடிக்கும் என்று தெரிந்துகொள்வது நல்லது. முடிவில் பாதி அங்கேயே ஆகிவிடுகிறது.

சேமிக்கப்போகும் பொருள்

மூளையில் காபா-ஏ ஏற்பி ஐந்து உறுப்புகள் சேர்ந்த ஒரு வளையம். மனிதர்களில் இந்த உறுப்புகளுக்கு 19 மரபணுக்கள் இருக்கின்றன. அதிகம் காணப்படுவது இரண்டு ஆல்ஃபா-1, இரண்டு பீட்டா-2, ஒரு காமா-2 சேர்ந்தது. எண்ணிக்கையை எழுதிவிட்டால் போதுமா? போதாது. காபா ஒட்டும் இடம் பீட்டாவும் ஆல்ஃபாவும் தொட்டுக்கொள்ளும் எல்லையில் இருக்கிறது. டயசிபாம் போன்ற பென்சோடயசிபைன் மருந்துகள் ஒட்டுவது ஆல்ஃபாவுக்கும் காமாவுக்கும் இடையில். அதாவது யாருக்குப் பக்கத்தில் யார் என்பதும் தகவல்தான். உறுப்புகளை வெறும் பட்டியலாக வைத்தால் மருந்து எங்கே ஒட்டுகிறது என்பதை எழுத இடமே இருக்காது.

தசையிலுள்ள அசிட்டைல்கோலின் ஏற்பிக்கும் ஐந்து உறுப்புகள்தான். கருவில் இருக்கும்போது அதில் காமா இருக்கும். பிறந்து வளர்ந்தபின் அந்த இடத்தை எப்சிலான் பிடித்துக்கொள்ளும். ஏற்பிக்குப் பெயர் ஒன்று, இடம் ஒன்று, ஆனால் காலம் மாறினால் ஆள் மாறுகிறது.

கால்சிட்டோனின் ஏற்பி போன்ற ஏற்பி என்று நீளமான பெயர் கொண்ட ஒரு புரதம் உண்டு. அதனுடன் ராம்ப்-1 என்ற சிறு புரதம் சேர்ந்தால் அது சிஜிஆர்பி என்ற பெப்டைடுக்கான ஏற்பி. ராம்ப்-2 சேர்ந்தால் அதே புரதம் அட்ரினோமெடுல்லினுக்கான ஏற்பி. 1998இல் இது வெளியானபோது, ஒரு ஏற்பி எந்தச் செய்தியைக் கேட்கும் என்பதை அதன் துணையே தீர்மானிக்கக்கூடும் என்று புரிந்தது. ஒற்றைத் தலைவலிக்காக 2018இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற எரெனுமாப் பிடிப்பது இந்த முதல் ஜோடியைத்தான். ‘இந்த மருந்தின் இலக்கு எந்தப் புரதம்’ என்று ஒரே ஒரு கட்டம் வைத்திருக்கும் தரவுத்தளத்தில் இதை நேர்மையாக எழுத வழியில்லை. இலக்கு இரண்டில் ஒன்று இல்லை. இரண்டும் சேர்ந்த கூட்டு.

எனக்கு மிகவும் பிடித்தது இன்டர்லூக்கின்-15. வடிவமைப்பு தேறுமா என்று பார்க்க இதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியாது. இது பயன்படுத்துவதும் இன்டர்லூக்கின்-2 பயன்படுத்தும் அதே பீட்டா, காமா சங்கிலிகளைத்தான். ஆல்ஃபா மட்டும் வேறு. அந்த ஆல்ஃபா பெரும்பாலும் இருப்பது பக்கத்துச் செல்லில். டென்ட்ரைட் செல் என்ற நோயெதிர்ப்புச் செல் தன் மேற்பரப்பில் ஆல்ஃபாவின் மேல் இன்டர்லூக்கின்-15ஐ ஏந்தி நீட்டும். எதிரே வரும் என்கே செல் தன்னிடமுள்ள பீட்டா, காமாவால் அதை வாங்கிக்கொள்ளும். ஒரு கூட்டமைப்பின் உறுப்புகள் இரண்டு செல்களில் கிடக்கின்றன. ‘கூட்டமைப்பு, அது இருக்கும் செல்’ என்று இரண்டு கட்டம் போட்டு அட்டவணை தொடங்கியவர்கள் இந்த இடத்தில் திரும்பி முதலிலிருந்து வர வேண்டியிருக்கும். செல் என்ற தகவலைக் கூட்டமைப்போடு கட்டக்கூடாது, உறுப்போடு கட்ட வேண்டும்.

அரைகுறைக் கூட்டமைப்புகளும் வேலை செய்கின்றன என்பது இன்னொரு சிக்கல். இன்டர்லூக்கின்-2ஐ ஆல்ஃபா தனியாகவே பிடிக்கும், ஆனால் தளர்வாக, சுமார் 10 நானோமோலார் அளவில் (இந்த எண் குறையக் குறைய இறுக்கம் கூடும்). பீட்டாவும் காமாவும் சேர்ந்தால் சுமார் 1 நானோமோலார். மூன்றும் சேர்ந்தால் சுமார் 10 பிகோமோலார், அதாவது 0.01 நானோமோலார், தனி ஆல்ஃபாவைவிட ஆயிரம் மடங்கு இறுக்கம். என்கே செல்களில் பெரும்பாலும் இருப்பது நடுவில் சொன்னது. நோயெதிர்ப்பை அடக்கி வைக்கும் ஒழுங்காற்று டி செல்களில் மூன்றும் சேர்ந்தது. ஆக ‘இன்டர்லூக்கின்-2 ஏற்பி’ என்று ஒரே வரி போதாது. குறைந்தது மூன்று வரிகள் வேண்டும். மூன்றுக்கும் உள்ள உறவும் வேண்டும்.

எக்செல்

இதை எடுத்த எடுப்பில் ஒதுக்கிவிடக் கூடாது. ஆய்வகத்தில் எல்லாருக்கும் தெரிந்த ஒரே கருவி இதுதான். நோயெதிர்ப்பியல் மட்டுமே தெரிந்த ஒருவர் முதல் நாளே உட்கார்ந்து பத்துக் கூட்டமைப்புகளைப் பதிந்துவிடுவார். அறிவு இருப்பது அவரிடம். அவர் எழுதத் தயங்கும் கருவி எவ்வளவு அழகாக இருந்தாலும் பயனில்லை.

ஆனால் எக்செல்லுக்கு மரபணுப் பெயர்களோடு பழைய பகை உண்டு. மார்ச்1 என்ற மரபணுவை அது தேதியாக மாற்றிவிடும், செப்ட்2வும் அப்படித்தான். 2016இல் மெல்பர்னில் நடந்த ஓர் ஆய்வு, மரபணுப் பட்டியலை எக்செல் கோப்பாக இணைத்திருந்த கட்டுரைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் இந்தப் பிழை இருந்ததைக் காட்டியது. கடைசியில் 2020இல் மனித மரபணுப் பெயர்க் குழு அந்தப் பெயர்களையே மாற்றியது. மார்ச்1 இப்போது மார்ச்எஃப்1, செப்ட்2 இப்போது செப்டின்2. நமக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று நினைக்க வேண்டாம். மார்ச்எஃப்1 என்பது செல்லின் மேற்பரப்பிலிருந்து, டி செல்களுக்குக் கிருமித் துண்டுகளைக் காட்டும் எம்எச்சி இரண்டாம் வகைப் புரதங்களை இறக்கும் நொதி. ஏற்பிகளைப் பற்றி எழுதும் ஆய்வகத்தின் ஷீட்டில் அது கட்டாயம் வரும்.

தேதிச் சிக்கலைவிட ஆழமான குறை வேறு. ஷீட்டில் ஒரு கூட்டமைப்புக்கு ஒரு வரி என்று தொடங்குகிறோம். உறுப்புகளை எங்கே எழுதுவது? ஒரே கட்டத்தில் சாய்கோடு போட்டு மூன்று பெயர்கள். எண்ணிக்கையை அடைப்புக்குள். சந்தேகம் இருந்தால் கேள்விக்குறி. ஆதாரக் கட்டுரை கடைசிக் கட்டத்தில், மூன்று உறுப்புக்கும் சேர்த்து ஒன்று. ஆறு மாதம் கழித்து ‘காமா சங்கிலி வரும் எல்லாக் கூட்டமைப்புகளையும் கொடு’ என்று கேட்டால், யாரோ ஒருவர் ‘சிடி132’ என்று எழுதியிருப்பார், இன்னொருவர் ‘பொதுக் காமா’ என்று, மூன்றாமவர் மரபணுப் பெயரை. நான் சேர்ந்து பணிபுரிந்த ஒரு கூட்டுத் திட்டத்தில் ஒருவர் ஷீட்டின் ஒரு நெடுவரிசையை மட்டும் அகர வரிசைப்படுத்திவிட்டார். மற்ற நெடுவரிசைகள் அசையவில்லை. ஆதாரங்கள் எல்லாம் வேறு வேறு கூட்டமைப்புகளுக்கு மாறிப்போனது தெரியவே மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரத்துப் பதிவுகளை ஒவ்வொரு கட்டுரையாகத் திறந்து மறுபடி சரிபார்த்தோம்.

விக்கி

விக்கியின் பலம் உரைநடை. ‘எலியில் இப்படி, மனிதனில் இன்னும் உறுதியில்லை, இரண்டு ஆய்வகங்களின் முடிவுகள் ஒத்துவரவில்லை’ என்பதை எந்தக் கட்டத்திலும் திணிக்க முடியாது. ஒரு பத்தியில் எழுதலாம். உயிரியலில் இது நடந்தும் இருக்கிறது. மனித மரபணுக்களுக்கு விக்கிப்பீடியாவிலேயே பக்கங்கள் அமைக்கும் ஜீன் விக்கி திட்டம் 2008இல் வந்தது. அதே ஆண்டு வந்த விக்கிபாத்வேஸ், செல்லுக்குள் நடக்கும் சமிக்ஞைப் பாதைகளை யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று திறந்துவிட்டது. 2012இல் விக்கித்தரவு வந்த பிறகு ஜீன் விக்கி குழு கட்டமைத்த தகவல்களை அங்கே கொண்டுபோனது. உரைநடை ஓரிடம், தகவல் ஓரிடம் என்று பிரிக்க வேண்டியிருந்தது என்பதே நமக்குப் பாடமாகப் போதும்.

விக்கியை மட்டும் நம்பினால் கணினி கேட்கும் கேள்விகளுக்கு விடை கிடைக்காது. அது படிக்கும் மனிதருக்கானது. அதற்காக விக்கியை விட்டுவிடச் சொல்லவில்லை. கூட்டமைப்புக்கு ஒரு விளக்கப் பக்கம் எந்த வழியைத் தேர்ந்தாலும் வேண்டும்.

எஸ்க்யூஎல்

மேலே சொன்ன சிக்கல்கள் எல்லாம் இங்கேதான் முதன்முறையாக மூச்சுவிடுகின்றன. புரதங்களுக்கு ஓர் அட்டவணை. ஒவ்வொரு புரதத்துக்கும் யூனிபுராட் என்ற பொதுப் புரதத் தரவுத்தளம் தரும் எண்தான் அடையாளம். மனிதக் காமா சங்கிலி என்றால் பி31785, யார் என்ன பெயரிட்டு அழைத்தாலும். கூட்டமைப்புகளுக்கு ஓர் அட்டவணை. இரண்டையும் இணைக்கும் மூன்றாவது அட்டவணையில்தான் உயிர் இருக்கிறது. எந்தக் கூட்டமைப்பில், எந்தப் புரதம், எத்தனை, எந்த இடத்தில், எந்தச் செல்லின் மேல் என்பதை அது சொல்லும். காமா சங்கிலி ஒரு முறைதான் புரத அட்டவணையில் வரும். உறுப்பினர் அட்டவணையில் எத்தனை முறை வேண்டுமானாலும் வரலாம். இன்டர்லூக்கின்-15இன் ஆல்ஃபா பக்கத்துச் செல்லில் இருப்பதும் இங்கே சிரமமில்லாமல் பொருந்துகிறது.

நான்காவது அட்டவணை சான்றுகளுக்கு. இதைப் பெரும்பாலான குழுக்கள் கடைசியில் சேர்க்கின்றன. முதலிலேயே வேண்டும் என்பேன். ‘காமா சங்கிலி இன்டர்லூக்கின்-7 ஏற்பியில் இருக்கிறது’ என்பதை உண்மையாகப் பதியாமல், ‘இந்தக் கட்டுரை, இந்தச் சோதனையால், இந்த இனத்துச் செல்லில் இப்படிச் சொல்கிறது’ என்று ஒரு கூற்றாகப் பதிய வேண்டும். நாளைக்கு எதிர்க் கூற்று வந்தால் அதையும் பக்கத்தில் வைக்கலாம். எதையும் அழிக்க வேண்டியதில்லை. ஒரே வகைப்பாட்டுச் சொற்களை எல்லாரும் பயன்படுத்த, சோதனை முறைகளுக்கு ஏற்கெனவே உள்ள சான்று ஆன்டாலஜி என்ற பொதுச் சொற்தொகுப்பின் குறியீடுகளை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டாம்.

இந்த வடிவம் நிஜத்தில் என்ன தருகிறது என்பதற்கு செல்போன்டிபி நல்ல உதாரணம். இங்கிலாந்தின் ஹிங்ஸ்டனிலுள்ள வெல்கம் சேங்கர் நிறுவனத்தில் உருவானது. 2018இல், கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களில் தாயும் சேயும் சந்திக்கும் திசுவிலிருந்து சுமார் 70,000 செல்களைத் தனித்தனியாகப் படித்த ஆய்வோடு வெளிவந்தது. எந்தச் செல் எந்தச் செல்லோடு பேசக்கூடும் என்று கணிப்பதுதான் அதன் வேலை. அது ஏற்பிகளைக் கூட்டமைப்புகளாகவே வைத்திருக்கிறது. எல்லா உறுப்புகளும் வெளிப்பட்டால்தான் அந்த ஏற்பி இருப்பதாகக் கொள்ளும். மிகக் குறைவாக உள்ள உறுப்பை அளவுகோலாக எடுத்துக்கொள்ளும். காமா சங்கிலி டி செல், என்கே செல் போன்ற லிம்ஃபோசைட்டுகளில் எங்கும் இருப்பது. அதை மட்டும் பார்த்து ‘இந்தச் செல் இன்டர்லூக்கின்-2ஐக் கேட்கும்’ என்று முடிவு கட்டினால் தவறாகத்தான் போகும். பீட்டாவும் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்வது அந்த உறுப்பினர் அட்டவணை. இதன் அடித்தளத் தரவு காற்புள்ளியால் பிரித்த சாதாரண சிஎஸ்வி உரைக்கோப்புகளாகவே கிடைக்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும். பெரிய சர்வர் எதுவும் இல்லாமலேயே இவ்வளவு செய்ய முடிந்திருக்கிறது.

குறை? வடிவத்தை முன்கூட்டியே யோசிக்க வேண்டும். பதிவு செய்பவர் நேரடியாக எஸ்க்யூஎல் எழுத மாட்டார்; நடுவில் ஒரு படிவமோ கோப்போ வேண்டும். அதைச் செய்து தரும் மாணவர் பட்டம் வாங்கிக்கொண்டு போய்விட்டால் அந்தப் படிவத்தைத் திறக்க ஆள் இருக்காது. இந்தக் குறையை எப்படிச் சமாளிப்பது என்று பின்னால் சொல்கிறேன்.

கிராஃப்

புள்ளிகளும் அவற்றை இணைக்கும் கோடுகளுமாகவே தரவை வைப்பது கிராஃப். ஏற்பிகளின் உலகம் இயல்பிலேயே அப்படித்தான் இருக்கிறது என்பதால் இதன்மேல் எல்லாருக்கும் ஆசை வரும். காமா சங்கிலியிலிருந்து ஜாக்3 என்ற நொதிக்கு ஒரு கோடு, அங்கிருந்து ஸ்டாட்5க்கு ஒரு கோடு, அங்கிருந்து அது தூண்டும் மரபணுக்களுக்கு என்று நடந்துகொண்டே போகலாம். ஜாக்3 மரபணு பழுதானாலும் கிட்டத்தட்ட அதே நோய் வருகிறது என்ற 1995ஆம் ஆண்டுக் கண்டுபிடிப்பு, இப்படிப்பட்ட வலையில் இரண்டே அடி தூரம்.

ரியாக்டோம் என்ற பாதைத் தரவுத்தளம் நியோ4ஜே என்ற கிராஃப் தரவுத்தளத்துக்கு மாறியபோது, சராசரித் தேடல் நேரம் 93 சதவீதம் குறைந்ததாக 2018இல் எழுதினார்கள். கவனிக்க வேண்டியது, அவர்களிடம் ஆழமாக ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிய பாதைகள் ஆயிரக்கணக்கில் இருந்தன. அதற்கு முன் பல ஆண்டுகள் அவர்கள் அட்டவணைகளிலேயே வைத்திருந்தார்கள். நூறு, இருநூறு கூட்டமைப்புகளில் அந்த வேகம் நமக்குப் பெரிதாக எதையும் மாற்றாது.

கிராஃபிலேயே ஆர்டிஎஃப் என்றொரு கிளை உண்டு. ஆன்டாலஜிகளோடு நேராகப் பேசும். அதன் ஒரு குணம் எனக்கு மிகவும் மதிப்பானது: சொல்லப்படாத ஒன்றை அது பொய் என்று எடுத்துக்கொள்ளாது, தெரியாது என்றுதான் எடுத்துக்கொள்ளும். சாதாரண அட்டவணையில் 1992ஆம் ஆண்டுத் தரவை வைத்து ‘இன்டர்லூக்கின்-7 ஏற்பியில் காமா உண்டா’ என்று கேட்டால் பூஜ்யம் வரிகள் வரும். அதை ‘இல்லை’ என்று படித்துவிடுவோம். ஆர்டிஎஃப் அந்தத் தவறைச் செய்யாது. இந்தக் குணத்தை அட்டவணையிலும் கொண்டுவரலாம். ‘தேடினோம், இல்லை’ என்பதையும் சான்றுள்ள ஒரு கூற்றாகவே பதிந்து, ஒன்றும் பதியாத இடத்தைத் ‘தெரியாது’ என்று படிக்க ஒப்புக்கொண்டால் போதும். ஒழுக்கம் வேண்டும், அவ்வளவுதான்.

கற்றுக்கொள்ளும் சுமை பெரிது. ஆர்டிஎஃபிடம் கேள்வி கேட்கும் ஸ்பார்க்கில் என்ற மொழியை எழுதத் தெரிந்தவர் நான்கு ஆய்வகத்தில் ஒருவர் இருந்தால் அதிர்ஷ்டம். அந்த ஒருவரை நம்பி மொத்த அறிவையும் வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

இருக்கும் தளத்தில் சேர்வது

புதிதாகக் கட்டத்தான் வேண்டுமா என்ற கேள்வியை யாரும் விரும்புவதில்லை. ஆனால் கேட்க வேண்டிய கேள்வி. அதே ஹிங்ஸ்டன் வளாகத்தில் ஐரோப்பிய உயிர்த்தகவலியல் நிறுவனம் நடத்தும் காம்ப்ளெக்ஸ் போர்ட்டல் இருக்கிறது. ஆட்கள் கட்டுரைகளைப் படித்துக் கையால் தொகுப்பது. ஒவ்வொரு கூட்டமைப்புக்கும் சிபிஎக்ஸ் என்று தொடங்கும் நிலையான எண், உறுப்புகளின் யூனிபுராட் எண்கள், எண்ணிக்கை, சான்று வகை எல்லாம் உண்டு. நாம் இங்கே அடுக்கிக்கொண்டிருக்கும் தேவைகளில் பெரும்பகுதியை அவர்கள் ஏற்கெனவே யோசித்துத் தீர்த்திருக்கிறார்கள். பாலூட்டிகளின் கூட்டமைப்புகளுக்கு ஜெர்மனியின் மியூனிக்கில் கோரம் இருக்கிறது. மருந்தியல் பக்கம் எடின்பரோவிலிருந்து நடக்கும் மருந்தியல் வழிகாட்டி.

இவர்களிடம் சேர்வதில் இருக்கும் பெரிய நன்மை ஆயுள். சிறு குழுவின் தளம் நிதியோடு போய்விடும். பெரிய தளங்களுக்கும் இந்தக் கஷ்டம் உண்டு: அராபிடாப்சிஸ் செடியின் தரவுத்தளமான டேர், அரசு நிதி நின்ற பிறகு சந்தா முறைக்குப் போக வேண்டியிருந்தது, ஜப்பானின் பாதைத் தரவுத்தளமான கெக், 2011இல் மொத்தத் தரவிறக்கத்துக்குச் சந்தா வைத்தது. அவற்றுக்கே இப்படி என்றால் மூன்று வருட நிதியில் ஓடும் சர்வரைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை.

போதாத இடங்களும் உண்டு. உங்கள் ஆய்வகம் நேற்றுப் பார்த்த, இன்னும் அச்சேறாத அவதானிப்பை அங்கே வைக்க முடியாது. எந்த நோயாளியின் எந்தச் செல்லில் எந்த உறுப்பு குறைவு என்பது அவர்கள் வேலை இல்லை. தவறென்று கைவிட்ட ஊகங்களையும் வைக்க முடியாது. நம் ஆய்வகத்துக்கோ அவை விலைமதிப்பில்லாதவை, அடுத்த மாணவர் அதே குழியில் விழாமல் இருக்க.

உரிமத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். விக்கித்தரவில் எல்லாம் நிபந்தனையற்ற சிசி0 உரிமம். யூனிபுராட்டை எடுத்தால் மூலத்தைக் குறிப்பிட வேண்டும். மருந்தியல் வழிகாட்டியிலிருந்து எடுத்துக் கட்டினால், கட்டியதையும் அதே நிபந்தனையில் திறந்துவிட வேண்டும். மூன்றையும் ஒரே கோப்பில் கலந்த பிறகு பிரிப்பது வேதனை.

என் தேர்வு

அந்த மூன்று நான்கு ஆய்வகங்களுக்கு நான் சொல்வது, எஸ்க்யூஎல் வடிவம், ஆனால் சர்வர் இல்லாமல். நான்கு அட்டவணைகளையும் நான்கு எளிய உரைக்கோப்புகளாக, மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் என்ற மென்பொருளின் களஞ்சியத்தில் வையுங்கள். யார், எப்போது, எதை மாற்றினார்கள் என்பது தானாகவே பதிவாகும். நான் சொன்ன அந்த வரிசைப்படுத்தல் விபத்து நடந்தால் அன்றைக்கே தெரிந்துவிடும், ஒரு கட்டளையில் பழைய நிலைக்குப் போகலாம். மாற்றம் வரும் ஒவ்வொரு முறையும் ஒரு சிறு நிரல் சோதிக்கட்டும்: யூனிபுராட் எண் உண்மையில் இருக்கிறதா, ஒரே கூட்டமைப்புக்குள் மனிதப் புரதமும் எலிப் புரதமும் கலந்திருக்கின்றனவா, சான்று இல்லாத வரி இருக்கிறதா. இந்தக் கோப்புகளிலிருந்தே ஒரே கோப்பில் அடங்கும் எஸ்க்யூஎல் தரவுத்தளமான எஸ்க்யூலைட் கோப்பு ஒன்று தானாகக் கட்டப்படட்டும். கேள்வி கேட்பவர்கள் அதைத் தரவிறக்கிக்கொள்ளலாம். மாணவர் போனாலும், நிதி நின்றாலும், உரைக்கோப்பை யார் வேண்டுமானாலும் திறக்கலாம். மேலே ஒத்திவைத்த குறைக்கு என் பதில் இதுதான்.

கிட் தெரியாத நோயெதிர்ப்பியல்காரருக்கு என்ன செய்வது? அவர் எக்செல்லிலேயே எழுதட்டும். ஒரு வரிக்கு ஓர் உறுப்பு என்ற வடிவில், எல்லாக் கட்டங்களும் உரை என்று பூட்டிய ஒரு மாதிரிக் கோப்பைக் கொடுங்கள். வாரம் ஒரு முறை தொகுப்பாளர் அதை எடுத்துச் சோதனையில் ஓட்டிச் சேர்ப்பார். எக்செல் நுழைவாயிலாக இருந்தால் தவறில்லை, கருவூலமாக இருந்தால்தான் ஆபத்து. விளக்கப் பக்கங்கள் அதே களஞ்சியத்தில், கூட்டமைப்புக்கு ஒன்று. உறுதியான கூட்டமைப்புகளைக் காம்ப்ளெக்ஸ் போர்ட்டலுக்கு அனுப்பி, அவர்கள் தரும் சிபிஎக்ஸ் எண்ணை நம் அட்டவணையில் பதிந்துகொள்ளலாம். நமக்கே உரிய ஊகங்கள் நம்மிடமே இருக்கும்.

இந்தத் தேர்வு எல்லாருக்கும் பொருந்தாது. உங்கள் முதன்மைக் கேள்வி ‘ஏற்பியில் தொட்டால் ஐந்தாவது படியில் எது அசைகிறது’ என்பதாக இருந்தால் கிராஃபையே எடுங்கள். அப்போதும் மூலத்தை உரைக்கோப்பாக வைத்து அதிலிருந்து கிராஃபைக் கட்டுங்கள். மொத்தமே பத்துக் கூட்டமைப்புகள்தான் என்றால் இவ்வளவு ஏற்பாடு வேண்டாம், ஒழுங்கான ஒரு ஷீட் போதும். முழுநேர நிரலாளர் ஒருவருக்கு நிரந்தர வேலை கொடுக்க முடிந்த நிறுவனம் என்றால் போஸ்ட்கிரெஸ் என்ற சர்வர் தரவுத்தளமும் இணையப் படிவமும் வைத்துக்கொள்ளலாம்.

தொடங்குவதற்கு முன் ஒரு நாள் ஒதுக்கி, காமா சங்கிலிக் குடும்பத்தை மட்டும் முழுதாகப் பதிந்து பாருங்கள். இன்டர்லூக்கின்-2க்கு மூன்று நிலைகள். இன்டர்லூக்கின்-4க்கு இரண்டு வகை, முதல் வகையில் காமா, இரண்டாவதில் அந்த இடத்தில் இன்டர்லூக்கின்-13 ஏற்பியின் ஆல்ஃபா-1. இன்டர்லூக்கின்-7இன் ஆல்ஃபா, டிஎஸ்எல்பி என்ற சைட்டோகைனுக்காக (இன்டர்லூக்கின்களும் சைட்டோகைன்கள்தான்) காமாவை விட்டுவிட்டு வேறொரு சங்கிலியோடு சேர்வது. இன்டர்லூக்கின்-15 இரண்டு செல்களில். பிறகு 9, 21. செல்லிலிருந்து அறுபட்டு இரத்தத்தில் மிதக்கும் ஆல்ஃபா. எல்லாம் சேர்த்து, கூட்டமைப்பு அட்டவணையில் இருபது வரிக்குள் அடங்கும் வேலை. வடிவம் எங்கே நெளிகிறது என்று அந்த ஒரு நாளில் தெரிந்துவிடும். ஐநூறு வரி ஏறிய பிறகு தெரிவதைவிட அது எவ்வளவோ மேல்.

பி31785க்குப் புரத அட்டவணையில் ஒரே ஒரு வரி. பெயர் நெடுவரிசையில் ஐஎல்2ஆர்ஜி, மாற்றுப் பெயர்களில் சிடி132, பொதுக் காமா. ஏழாவது சைட்டோகைன் ஒன்று என்றாவது வந்து சேர்ந்தால் அந்த வரியைத் தொட வேண்டியிருக்காது. கூட்டமைப்பு அட்டவணையில் புதிதாக ஒரு வரி, உறுப்பினர் அட்டவணையில் இரண்டு, சான்று அட்டவணையில் அதைச் சொன்ன கட்டுரை.